யோனாவின் கண்கள் பிரஷ்ஷோடு போன கதை

ஒரு ஆலயச் சன்னலுக்காக, வேதாகமத்துத் தீர்க்கதரிசி யோனாவின் படத்தை வண்ணக் கண்ணாடியில் செய்துகொண்டிருந்தேன். 47 கண்ணாடித் துண்டுகளை ஈயப்பட்டியில் கோத்து, மூட்டுகளைப் பற்றவைத்து, இடுக்குகளில் மக்கு திணித்து, கடைசியாகச் சுண்ணப்பொடி தூவித் தேய்த்துக்கொண்டிருந்தேன். யோனாவின் இடது கண் காணவில்லை. மக்குக் கறை மூடியிருக்கிறது என்று நினைத்து இன்னும் நாலு தேய் தேய்த்தேன். வலது கண்ணும் போயிற்று. பிரஷ் மயிரின் நுனியில் பழுப்பு நிறமாக ஏதோ ஒட்டியிருந்தது. அதுதான் அவருடைய இமை.

அந்த முகத்தைக் கழற்றி வேறு முகம் வைத்து, சன்னலும் இப்போது அதன் இடத்தில் நிற்கிறது. பதினோரு வாரம் பிடித்தது. ஆறு வாரத்தில் முடித்திருக்கலாம். எங்கெங்கே சறுக்கினேன் என்று மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

ஆலயத்தில் பக்கவாட்டில் இருக்கும் ஒரு சின்னச் சன்னல். மரச்சட்டத்தின் காடிக்குள் 406 × 606 மில்லிமீட்டர். சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி விட்டு 400 × 600 அளவில் ஒரு பலகம் செய்வது என்று திட்டம். வேதாகமக் காட்சி ஒன்று வேண்டும் என்றார்கள். எது என்பதை என்னிடம் விட்டுவிட்டார்கள்.

யோனா என்றால் கண்ணாடிக்காரர்கள் பெரும்பாலும் மீனைத்தான் எடுப்பார்கள். மூன்று நாள் மீன் வயிற்றில் இருந்ததை மத்தேயு சுவிசேஷம் இயேசுவின் உயிர்த்தெழுதலோடு சேர்த்துச் சொல்வதால், இரண்டு காட்சிகளையும் ஜோடியாக வைப்பது பழைய வழக்கம். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயத்தில் 1515 முதல் 1547 வரை செய்த சன்னல்களிலும் யோனா மீனிலிருந்து வெளியே வருவது உயிர்த்தெழுதலுக்குத் துணையாக நிற்கிறது. நான் மீனை விட்டுவிட்டு யோனா புத்தகத்தின் நான்காம் அதிகாரத்துக்குப் போனேன். நினிவே நகரத்துக்கு வெளியே, பின்னால் பூச்சி அரிக்கப்போகும் ஒரு செடியின் நிழலில், கோபத்தோடு உட்கார்ந்திருக்கும் யோனா. ஒரே ஆள், ஒரு செடி, ஒரு சூரியன், தூரத்தில் நினிவேயின் மதில். சின்னப் பலகத்துக்கு அதற்கு மேல் தாங்காது.

இதே காட்சி ஆக்ஸ்ஃபோர்டு கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தில் இருக்கிறது. ஆபிரகாம் வான் லிங்கே 1630-களில் செய்தது. அதில் யோனாவின் உருவம் மட்டும்தான் வெட்டிக் கோத்த வண்ணக் கண்ணாடி. நினிவே நகரமெல்லாம் சின்னச் சின்னச் செவ்வகக் கண்ணாடிகளில் தீட்டியது. படத்தில் பார்த்தபோது, இவ்வளவு கெட்டிக்காரர் எதற்காகக் கட்டம் கட்டமாக வெட்டினார் என்று தோன்றியது. இலை வெட்ட உட்கார்ந்த அன்றைக்கு விடை கிடைத்தது.

அந்த இலை விஷயம் கொஞ்சம் வேடிக்கையானது. ஆங்கில வேதாகமம் படித்தவர்களுக்கு அது ஏதோ சுரைக்கொடி. நம் தமிழ் வேதாகமத்திலோ தெளிவாக ஆமணக்குச் செடி. இதற்குச் சண்டையே நடந்திருக்கிறது: வேதாகமத்தை ஜெரோம் என்ற அறிஞர் லத்தீனில் மொழிபெயர்த்தபோது, பழைய மொழிபெயர்ப்பில் இருந்த சுரைக்குப் பதில் ஐவி என்ற படர்கொடியைப் போட்டுவிட, அதை வாசிக்கக் கேட்ட வட ஆப்பிரிக்கச் சபை ஒன்றில் பெரிய கலாட்டா ஆகிவிட்டது என்று ஆயர் அகஸ்டின் அவருக்கே கடிதம் எழுதினார். எனக்கு அந்தக் குழப்பம் இல்லை. ஆமணக்கு என்று படித்து வளர்ந்தவன் ஆமணக்கைத்தான் வரைவேன். வரைந்தேன். விரல் விரித்த மாதிரி எட்டு மடல். மடலுக்கு மடல் நடுவே ஆழமான வெட்டு.

முதலில் முழு அளவு வரைபடம். அதன்மேல் டிரேசிங் தாள் வைத்து வெட்டுக்கோடு. ஈயப்பட்டியைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் ஆங்கில எச் எழுத்து படுத்திருக்கும். நடுத்தண்டு சுமார் 1.75 மி.மீ. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே அந்தத் தண்டு உட்கார வேண்டும். அதனால் வெட்டுக்கோட்டை அதே தடிமன் பேனாவால் போட்டு, கண்ணாடியைக் கோட்டின் உள்விளிம்பில் வெட்ட வேண்டும். நான் சாதா பால்பாயின்ட் பேனாவால் போட்டேன். ‘அரை மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம்’ என்ற எண்ணம். கணக்கு பின்னால் வரும்.

வெட்டுவதற்கு எண்ணெய் ஊறும் கார்பைடு சக்கரக் கட்டர், முறிக்க ஒரு பிளையர், விளிம்பைக் கொறிக்கத் தட்டை வாய்ப் பிளையர் ஒன்று. கண்ணாடி 3 மி.மீ. கனம். ஒரே கீறல்தான், சத்தம் சரியில்லை என்று அதே கோட்டில் மறுபடி ஓட்டினால் கண்ணாடியும் போகும், கட்டர் சக்கரமும் போகும். வெளிவளைவு எளிது. உள்வளைவைப் பிறைபிறையாகப் பல கீறல் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே உள்ளே போக வேண்டும். ஆமணக்கு இலையின் மடல் இடுக்கு உள்வளைவுகூட இல்லை, குத்துவெட்டு. கண்ணாடி அப்படி முறியாது. கீறல் முனையிலிருந்து நேராக மறுபக்கம் வரை விரிசல் ஓடிவிடும். மூன்று பச்சைத் துண்டுகள் போன பிறகுதான் ஒத்துக்கொண்டேன்.

அடுத்து, மடல் மடலாக வெட்டி ஈயத்தில் கோக்கலாம் என்று ஒரு யோசனை. ஒரு இலைக்கு எட்டுத் துண்டு. நடுவில் எட்டு ஈயப்பட்டியும் வந்து சேரும் இடத்தில், ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு ஈயக் கட்டி நிற்கும். அதையும் தாளில் வரைந்து பார்த்துக் கைவிட்டேன். கடைசியில் செய்தது: ஏறத்தாழ வட்டமான ஒரே பச்சைத் துண்டை வெட்டி, மடலுக்கு வெளியே உள்ள இடத்தையெல்லாம் கறுப்பு வண்ணத்தால் அடைத்துவிட்டேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இலை மட்டும் தெரிகிறது. கறுப்பாக விட்ட இடம் ஈயத்தோடு கலந்துவிடுகிறது. நான்கு இலைகள், நான்கு துண்டுகள். வான் லிங்கே கட்டம் கட்டமாக வெட்டியதன் நியாயம் புரிந்தது.

யோனாவின் மேலங்கிக்குச் சிவப்பு. இந்தச் சிவப்பு முழுக்கனத்துக்கும் சிவப்பு அல்ல. நிறமில்லாத கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மெல்லிய சிவப்புத் தோல் மாதிரி இருக்கும். செம்பு தரும் அந்தச் சிவப்பு முழுக்கனத்துக்கும் இருந்தால் கிட்டத்தட்ட கறுப்பாகத் தெரியும் என்பதால் பழைய காலத்திலிருந்தே இப்படி. கீற வேண்டியது தோல் இல்லாத பக்கத்தில். எந்தப் பக்கம் தோல் என்று கண்டுபிடிக்க விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் போதும், நான் பார்க்கவில்லை. சிவப்புத் தகட்டில் மூன்றில் ஒரு பங்கு தூள். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் கண்ணாடிக்கே போனது, அதிலும் பெரும்பகுதி சிவப்புக்கு. அந்தச் சில்லுகளைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

இனி முகம்.

கண்ணாடி வண்ணம் என்பது இரும்பு ஆக்சைடோடு நைசாக அரைத்த கண்ணாடித் தூள். தண்ணீரும் கொஞ்சம் கோந்தும் விட்டு, ஒரு கண்ணாடிப் பலகையில் தட்டைக்கத்தியால் நன்றாகக் குழைத்து எடுப்பது. சூளையில் வெந்ததும் அந்தத் தூள் உருகி, அடியில் இருக்கும் கண்ணாடியோடு ஒன்றாகிவிடும். முதலில் கோடுகளை மட்டும் இழுத்து ஒரு சூடு. பிறகு மேலே மெல்லிய படலமாகப் பூசி, ஈரம் காய்வதற்குள் அகலமான மென்மயிர்த் தூரிகையால் தட்டித் தட்டிச் சமப்படுத்தி, காய்ந்தபின் குச்சியாலும் ஊசியாலும் வெளிச்சம் வேண்டிய இடத்தைச் சுரண்டி எடுத்து, இன்னொரு சூடு. நிழல் பூசுவதில்லை, இருட்டைப் போட்டுவிட்டு வெளிச்சத்தைச் சுரண்டி எடுக்கிறோம். கைக்கு இது பழக எனக்கு நாலு நாள் ஆனது.

முகத்துண்டின் உயரம் 7 செ.மீ. முதல் முகத்தை லைட் பாக்ஸ் மேல் வைத்து, ஊசிமுனைக் கோடுகளால் புருவம், இமை, நெற்றிச் சுருக்கம் எல்லாம் போட்டேன். மேசையில் அற்புதமாக இருந்தது. சுட்டு எடுத்துச் சன்னலில் நிறுத்தி நாலு மீட்டர் தள்ளி நின்றால் முகத்தில் ஒன்றுமே இல்லை, வழித்துவிட்ட மாதிரி. பின்னால் வெட்டவெளி வெளிச்சம் இருக்கும்போது பளிச்சென்ற இடம் தன் எல்லையைத் தாண்டிக் கண்ணில் பரவுகிறது. மெல்லிய கோட்டை அது விழுங்கிவிடும். மேல் இமைக்கு 3 மி.மீ. கோடு வேண்டியிருந்தது. கையருகில் வைத்துப் பார்த்தால் கேலிச்சித்திரம்தான். தள்ளிப் பார்த்தால் கண்.

இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. வெட்டிய துண்டுகளையெல்லாம் ஒரு பெரிய வெற்றுக் கண்ணாடியில், அவையவை இருக்க வேண்டிய இடத்தில் தேன்மெழுகுச் சொட்டுகளால் ஒட்டி, ஈயம் வரும் இடங்களைக் கறுப்பால் அடைத்து, சன்னல் வெளிச்சத்தில் நிறுத்தியே தீட்டுவது. துண்டுகளின் இடுக்குவழியே வெள்ளை வெளிச்சம் வராததால், சன்னலில் எப்படித் தெரியுமோ அப்படியே தெரியும். எனக்கு இது தெரியாமல் இல்லை. மெழுகு உருக்கச் சோம்பல். முதல் முகத்தை இழந்த மறுநாள் உருக்கினேன்.

இரண்டாவது முகத்தில் கோந்து கூடிவிட்டது. படலம் பூசும்போது அடியிலுள்ள கோடு கரையக் கூடாதே என்ற பயத்தில் தாராளமாக விட்டேன். சூளையைத் திறந்தால் கன்னமெல்லாம் பொரிந்து கொப்புளம் கொப்புளமாக இருந்தது. அதையும் தூக்கிப் போட்டேன்.

மூன்றாவது முகம் நன்றாக வந்தது. நன்றாக வந்ததாக நினைத்தேன். சூளையின் காட்டி 665 டிகிரி சொன்னது, பத்து நிமிடம் நிறுத்தினேன், மெதுவாக ஆறவிட்டேன். மறுநாள் தட்டின் நடுவில் இருந்த மேலங்கித் துண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், அசையவில்லை. லேசான மினுமினுப்பும் இருந்தது. சரி, எல்லாம் வெந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். முகத்துண்டு கதவோரம் இருந்தது. வெப்பத்தை அளக்கும் கம்பி சூளையின் பின்சுவரில் இருக்கிறது. கதவோரம் எத்தனை டிகிரி குறைவு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

சூரியனுக்கு மட்டும் வெள்ளிச் சாயம். கண்ணாடிக்காரர்கள் 1300-ஐ ஒட்டிக் கற்றுக்கொண்ட வித்தை இது. வெள்ளிச் சேர்மத்தைக் காவிமண்ணோடு குழைத்து, நிறமில்லாத கண்ணாடியின் பின்பக்கம் பூசிச் சுட்டால், கண்ணாடியே மஞ்சளாகிவிடும். சூளையிலிருந்து எடுக்கும்போது வெறும் காய்ந்த சேறுதான். குழாயில் காட்டிக் கழுவக் கழுவ, அடியிலிருந்து எலுமிச்சை மஞ்சள் வரும். இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்த நிமிடம் அதுதான். ஆனால் முதல் தடவை 600 டிகிரி வரை போனதால் மஞ்சள் வரவில்லை, மங்கலான பழுப்பு. 555-ல் இரண்டாம் தடவை சரியாக வந்தது. கையுறை போடாமல் வேலை செய்ததால் விரல் நுனியெல்லாம் பத்து நாள் கறுத்திருந்தன.

ஈயம் கோப்பது சுகமான வேலை. பட்டியின் ஒரு முனையை இடுக்கியில் கவ்வவிட்டு, மறுமுனையைப் பிளையரால் பிடித்து இழுத்தால் வளைவெல்லாம் போய் நேராகும். இரண்டு மரச்சட்டங்களைச் செங்கோணமாக அடித்து, அந்த மூலையிலிருந்து தொடங்க வேண்டும். நகரும் துண்டைப் பிடித்து நிறுத்தக் குதிரை லாட ஆணிதான் சரி. தட்டையாக இருப்பதால் கண்ணாடி விளிம்பு தெறிக்காது. உள்ளே 6 மி.மீ. பட்டி, வெளிச்சுற்றுக்கு 12 மி.மீ. மொத்தம் 10 மீட்டர் ஆயிற்று.

நான்காவது வரிசையில் யோனாவின் முழங்கால் உட்காரவில்லை. ஐந்தாவதில் மதில் வெட்டுக்கோட்டைத் தாண்டி நின்றது. முடித்து அளந்தால் அகலம் 405, உயரம் 604. பால்பாயின்ட் பேனாவின் கணக்கு இதுதான்: குறுக்கே ஏழு துண்டுகள், ஒவ்வொன்றும் முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கூடியதால் 5 மி.மீ. வந்துவிட்டது. 406 காடிக்குள் 405 பலகத்தை நுழைக்க முடியாது. நல்லவேளையாக வெளிச்சுற்றுப் பட்டி அகலமாக இருந்தது. மரம் சீவும் இழைப்புளியால் இரண்டு பக்கமும் ஒன்றரை மி.மீ. சீவினேன். ஈயம் வெண்ணெய் மாதிரி சுருண்டு வந்தது. 402. அந்தச் சீவலை அள்ளிக் கட்டிப் போட்டு, கை கழுவி, அறையை ஈரத்துணியால் துடைத்தேன். ஈயத்தூளைத் துடைப்பத்தால் பெருக்கிக் காற்றில் கிளப்பக் கூடாது.

பற்றவைப்பு பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஈயம் 327 டிகிரியில் உருகும். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் கலந்த பற்று 190-ஐ ஒட்டி உருகும். நடுவில் உள்ள இடைவெளியில்தான் பிழைப்பு. மூட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மெழுகு போன்ற கொழுப்பைத் தடவி, சூட்டுக்கோலைத் தொட்டு எடுத்துவிட வேண்டும். அழுத்திப் பிடித்த ஓரிடத்தில் பட்டியே உருகி ஓட்டை விழுந்தது. ஒரு ஈயத்துணுக்கை வைத்து மூடினேன்.

பிறகு மக்கு: ஆளிவிதை எண்ணெய் இரண்டு பங்கு, டர்பன்டைன் ஒரு பங்கு, கொஞ்சம் விளக்குக்கரி, அதில் கெட்டியாகும்வரை சுண்ணப்பொடி. பட்டை பிரஷ்ஷால் ஈயத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே தள்ளித் தள்ளி ஏற்ற வேண்டும். மழை உள்ளே வராததும், பலகம் தட்டினால் கலகலக்காமல் இருப்பதும் இதனால்தான். மேலே பொடி தூவித் தேய்த்து எண்ணெயை உறிஞ்சி எடுக்கும்போதுதான் கண் போனது.

அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் மற்ற துண்டுகளையெல்லாம் சுரண்டிப் பார்த்தேன். கதவோரம் முகத்துக்குப் பக்கத்தில் வெந்த இடது கையும் கொஞ்சம் மங்கியிருந்தது. மற்றவை கல் மாதிரி நின்றன.

நான்காவது முகத்தைச் சுடுவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். அதே கண்ணாடிச் சில்லுகள் ஐந்தில் இரண்டிரண்டு கோடு போட்டு, தட்டின் நான்கு மூலையிலும் நடுவிலும் வைத்து ஒரு சூடு. கதவோரத்துச் சில்லுகள் இரண்டும் நகத்துக்கே உதிர்ந்தன. இந்த ஒரு மணி நேர வேலையை முதல் நாளே செய்திருந்தால் இந்தப் பதிவு பாதியாக இருந்திருக்கும்.

புதிய முகம் தட்டின் நடுவில் வெந்தது. நகம், அப்புறம் இரும்புத் துருவல், இரண்டுக்கும் அசையவில்லை. அதைக் கோத்த பலகத்துக்குள் எப்படி நுழைப்பது? பலகத்தைக் குப்புறப் போட்டு, வெளிப்பக்கத்தில் முகத்தைச் சுற்றியுள்ள ஐந்து மூட்டுகளிலும் ஈயத்தின் மேலிதழை மட்டும் கத்தியால் அறுத்தேன், தண்டைத் தொடவில்லை. இதழ்களை மரக்கூரால் மெல்ல நெம்பி, செங்குத்தாக நிமிர்த்தினேன். நான்கு நாள் மக்கு இன்னும் இறுகாததால் கூர்க்குச்சியால் வழித்தெடுக்க முடிந்தது. பழைய முகத்தை அடியிலிருந்து கட்டைவிரலால் தள்ளியதும் பொத்தென்று வெளியே வந்தது. புதியதை எல்லாப் பக்கமும் அரை மி.மீ. கொறித்து உட்கார வைத்து, இதழ்களை மடித்துத் தேய்த்து, மூட்டுகளை மறுபடி பற்றவைத்தேன். ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு நிமிட இடைவெளி; ஒரே பக்கம் சூடேறினால் முகம் விரிசல் விட்டுவிடும் என்ற பயம். தழும்பு வெளிப்பக்கம் இருப்பதால் உள்ளிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. மங்கிய இடது கையை அப்படியே விட்டுவிட்டேன். இன்னொரு தடவை பலகத்தைக் கிழிக்கத் துணிவில்லை.

இரண்டு வாரம் படுக்கவைத்துக் காயவிட்டு, சன்னலில் ஏற்றினோம். பலகம் 4 கிலோ இருந்தது. காலப்போக்கில் ஈயம் தன் பாரத்துக்கே தொய்யும் என்பதால் நடுவில் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி. பலகத்தில் பற்றவைத்த செம்புக் கம்பித் துண்டுகளை அதில் முறுக்கிக் கட்டியாயிற்று. செடியை அரித்த பூச்சியை ஓர் இலையின் அடியில் 9 மி.மீ. நீளத்துக்குப் போட்டிருந்தேன். மூன்று மீட்டரில் அது தெரியவே இல்லை. அடுத்த முறை பூச்சிக்கும் இமைக் கணக்குதான்.

கண்ணில்லாத மூன்றாவது முகம் சூளை மேடையில் கிடக்கிறது. ஒவ்வொரு சூட்டிலும் அதன்மேல் புதிதாக ஒரு கோடு இழுத்துக் கதவோரம் வைக்கிறேன். இதுவரை நெற்றியில் நாலு கோடு, எல்லாம் நகத்துக்கு நிற்கின்றன. இன்னும் கன்னம் முழுக்க இடம் இருக்கிறது.